டாக்டர்கள் குவிந்தார்களாம்! டெக்சாஸில் யாருக்குக் கிடைத்தார்கள்?

நைட்டூட்டி_கலா:
போன வாரம் சிவா சார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “டெக்சாஸில் மருத்துவப் பணியாளர் பஞ்சம் என்பதே புரளி. டாக்டர்கள் மேல் போடும் வழக்கில் நஷ்டஈட்டுக்கு வரம்பு வைத்த 2003 சட்டம் வந்தபிறகு டாக்டர்கள் குவிந்துவிட்டார்கள், தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி முளைத்துவிட்டது” என்று எழுதியிருந்தார். நான் ஹூஸ்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக நைட் டூட்டி பார்க்கிறவள். கட்டடம் முளைத்தது நிஜம். உள்ளே நிற்க ஆள் எங்கே?

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் தளத்தில் இரண்டு நர்ஸ்கள் வரவில்லை. ஆளுக்கு ஏழு நோயாளிகள். ஒருவருக்கு ரத்தம் ஏற்றத் தொடங்கியிருக்கிறேன், முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. எதிர் அறையில் இடுப்பு ஆபரேஷன் ஆன பெரியவர் கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார், படுக்கை அலாரம் அலறுகிறது. நான் கதவருகே நின்று கத்தினேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தார். இதைப் புரளி என்பீர்களா?

சுகர்லேண்ட்_சிவா:
கலா அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரு ராத்திரியை வைத்து ஒரு மாநிலத்தை அளக்காதீர்கள். 2003ல் ஹவுஸ் பில் 4 என்ற அந்த மாநிலச் சட்டம் வந்தது. தவறான சிகிச்சை என்று போடும் வழக்குகளில், வலி, மன வேதனைக்கான நஷ்டஈட்டில் டாக்டர் தரப்புக்கு 250,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதே செப்டம்பரில் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்திலும் அதற்கு இடம் செய்தார்கள். இந்த வழக்குகளுக்காக டாக்டர்கள் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் இறங்கியது. உரிமம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்து மருத்துவ வாரியமே திணறியது. நடந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கணக்கு_முருகு:
விண்ணப்பம் குவிந்தது சரி. ஜனம் குவிந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2010 சென்சஸில் டெக்சாஸ் மக்கள்தொகை 2.51 கோடி, 2020ல் 2.91 கோடி. பத்து வருடத்தில் 40 லட்சம் பேர். வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு பேர் கூடவில்லை. அப்புறம் 3 கோடியையும் தாண்டியாயிற்று. தலைக்கு எத்தனை டாக்டர் என்று பார்த்தால் இன்றும் நாம் நாட்டின் சராசரிக்குக் கீழே. 2003க்கு முன்னாலும் டாக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்கிறீர்கள்.

சுகர்லேண்ட்_சிவா:
முருகு, வீட்டு வரி விவாதத்திலும் இப்படித்தான் கணக்கை உங்கள் வசதிக்கு வளைத்தீர்கள். நான் மறக்கவில்லை. 2003க்குப் பிறகு டாக்டர்கள் வந்தார்களா, இல்லையா?

நைட்டூட்டி_கலா:
சார், நீங்கள் சொல்லும் சட்டம் டாக்டருக்கு. என்னைப் போன்றவர்கள் உங்கள் கணக்கில் எந்த வரியில் வருகிறோம்? 2003ல் பிறந்த ஒரு பெண் நர்ஸிங் முடித்து எங்கள் தளத்துக்கே வேலைக்கு வந்தாள். கை பதமானவள், ஊசி ஏற்றினால் குழந்தைகூட அழாது. ஒன்றரை வருடத்தில் போய்விட்டாள். இப்போது ஏதோ அழகு கிளினிக்கில் முகச் சுருக்கத்துக்கு ஊசி போடுகிறாள். “ராத்திரி தூக்கம் வருகிறது அக்கா” என்றாள். அவள் உரிமம் இன்னும் செல்லும். உங்கள் பட்டியலில் அவளும் ஒரு நர்ஸ். எங்கள் தளத்தில் ஒரு காலி இடம்.

டெக்சாஸில் சேஃப் ஹார்பர் என்று ஒன்று உண்டு. கொடுக்கிற வேலை நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால், பொறுப்பை ஏற்குமுன் நர்ஸ் எழுதிக் கொடுக்கலாம். அதற்காக எங்கள் உரிமத்தில் கை வைக்கக் கூடாது, பழிவாங்கவும் கூடாது. அந்தப் படிவத்தை நான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அதே ஏழு பேரையும் பார்த்தேன், வேறு யார் பார்ப்பது? 2009ல் வந்த சட்டம் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பணியமர்த்தல் கமிட்டி இருக்க வேண்டும் என்கிறது. ஒருவருக்கு எத்தனை நோயாளி என்ற எண் அதில் கிடையாது. கலிஃபோர்னியாவில் இருக்கிறது. சாதாரண வார்டில் ஐந்து, ஐசியுவில் இரண்டு.

சுகர்லேண்ட்_சிவா:
கலிஃபோர்னியா அவ்வளவு சொர்க்கமென்றால் ஜனம் ஏன் அங்கிருந்து இங்கே வருகிறது?

லபக்_பாலு:
நீங்கள் எல்லோரும் ஹூஸ்டன், டல்லஸ் மட்டும்தான் டெக்சாஸ் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். 254 கவுண்டி இருக்கிறது, நம் ஊர் மாவட்டம் மாதிரி. முப்பது வாக்கில் ஒரு டாக்டர்கூட இல்லை. 2010க்குப் பிறகு கிராமத்து ஆஸ்பத்திரிகள் அதிகம் மூடப்பட்ட மாநிலம் எது? நம்முடையதுதான். நான் லபக் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக் கடையில் நிற்கிறேன். பிரஷர் மாத்திரை புதுப்பிக்க ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனரை, அதாவது மேல்படிப்பு படித்து நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸை, தனியாகப் பார்க்க விட்டாலே பாதி கஷ்டம் தீரும். எல்லை தாண்டி நியூ மெக்சிகோ போனால் அவர்களே கிளினிக் நடத்தி மருந்து எழுதுகிறார்கள். இங்கே ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் போட வேண்டும்.

டாக்டர்_சுந்தரம்:
பாலு, நான்கு வருடம் மருத்துவக் கல்லூரி, குறைந்தது மூன்று வருடம் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி முடித்தவனையும் மற்றவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். உண்மையான முடிச்சு வேறு. முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும் ரெசிடென்சி இடங்களை 1997 சட்டம் 1996 அளவிலேயே உறைய வைத்தது. பிறகு 2020 டிசம்பரில் ஆயிரம் இடம் கூட்டினார்கள், அதுவும் வருடத்துக்கு இருநூறாக, நாடு முழுவதற்கும். ஆஸ்டினிலும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் 2016ல் புது மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களைச் சேர்த்தன. ஹூஸ்டனில் 2020ல் இன்னொன்று. படித்தவன் பயிற்சிக்கு வேறு மாநிலம் போனால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவான். என் மகனே போய்விட்டான். அவனை இங்கே படிக்க வைத்த பணம் டெக்சாஸுடையது.

லபக்_பாலு:
உங்கள் மகன் இங்கே இருந்திருந்தாலும் எங்கள் கவுண்டிக்கு வந்திருப்பாரா டாக்டர்?

டாக்டர்_சுந்தரம்:
என் மகனை இழுக்காதீர்கள்.

கணக்கு_முருகு:
நீங்கள்தானே முதலில் இழுத்தீர்கள்!

ப்ரிஸ்கோ_தேவி:
வெளிநாட்டு டாக்டர்களுக்குத் தற்காலிக உரிமம் தரும் சட்டம் 2025ல் வந்திருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? நர்ஸ் விஷயத்திலும் அதுதான் வழி. கேரளத்துச் சேச்சிகள் இல்லாவிட்டால் டெக்சாஸில் பாதி ஆஸ்பத்திரி படுத்துவிடும். நம் தமிழ்க் குடும்பங்களில்தான் பெண் நர்ஸிங் படிக்கிறேன் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

நைட்டூட்டி_கலா:
தேவி, நான் தமிழச்சி. தஞ்சாவூரில் நர்ஸிங் படித்து, என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி, வருடக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்து வந்தவள். என்னோடு பரீட்சை எழுதியவள் பச்சை அட்டை வரிசையில் காத்துக் காத்து அலுத்துப்போய் லண்டன் போய்விட்டாள். சேச்சிகள் என் உயிர்த் தோழிகள், அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நாங்கள் இல்லவே இல்லை என்பதுபோல் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கேயே பிறந்த பிள்ளைகள் படிக்கத் தயார். தகுதியுள்ளவர்களையே இடமில்லை என்று நர்ஸிங் கல்லூரிகள் திருப்பி அனுப்புகின்றன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எம்எஸ்என் என்ற நர்ஸிங் முதுகலை முடித்தவள் கல்லூரியில் பாடம் நடத்தினால் வார்டில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். யார் போவார்கள்? நானும் படித்துத்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்கடன் இருக்கிறது, போக முடியவில்லை.

ப்ரிஸ்கோ_தேவி:
நான் உங்களைச் சொல்லவில்லை அக்கா. பொதுவாகச் சொன்னேன்.

நைட்டூட்டி_கலா:
பொதுவாகச் சொன்னாலும் என் மேல்தான் விழுகிறது.

சுகர்லேண்ட்_சிவா:
கல்லூரி, விசா, கேரளா என்று ஊர் சுற்றிவிட்டீர்கள். என் கேள்வி அப்படியே கிடக்கிறது. 2003 சட்டத்துக்குப் பிறகு டாக்டர்கள் வந்தார்களா, இல்லையா? டாக்டர் சுந்தரமே சொல்லட்டும்.

டாக்டர்_சுந்தரம்:
நான் 2006ல் ஒஹையோவிலிருந்து வந்தேன். பிரீமியமும் ஒரு காரணம்.

சுகர்லேண்ட்_சிவா:
பார்த்தீர்களா!

கணக்கு_முருகு:
“ஒரு காரணம்” என்றார். மற்ற காரணங்களையும் கேளுங்கள். மாநில வருமான வரி இல்லை, வீடு மலிவு, மச்சினன் இங்கே இருந்தார். இதை டாக்டரே போன தீபாவளிக்குச் சொன்னார்.

டாக்டர்_சுந்தரம்:
சாப்பாட்டு மேசையில் பேசியதைப் பொதுவில் கொண்டுவருவது என்ன பண்பாடு முருகு?

லபக்_பாலு:
வந்தவர் ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில் இறங்கினார். எங்கள் ஊருக்கு யாரும் இறங்கவில்லை. 2003 என்று நூறு முறை சொன்னாலும் இங்கே பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் டெக்சாஸ், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கவும் மாட்டோம் என்கிறார்கள். பணம் கட்ட முடியாத நோயாளியை நம்பி எந்த டாக்டர் வந்து போர்டு மாட்டுவார்?

சுகர்லேண்ட்_சிவா:
இது அரசியல். நான் பேசுவது 2003.

நைட்டூட்டி_கலா:
சார், எனக்கு ஏழு மணிக்கு டூட்டி, கிளம்புகிறேன். போன வருடம் உங்கள் அம்மா எங்கள் தளத்தில் நான்கு நாள் இருந்தபோது ராத்திரி மூன்று மணிக்கு மணி அடித்தால் யார் வந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். காலையில் வந்து மீதியை எழுதுகிறேன்.

சுகர்லேண்ட்_சிவா:
அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், அதை நான் மறுக்கவே இல்லை. அதற்கும் 2003க்கும் என்ன சம்பந்தம்?

கணக்கு_முருகு:
1993லிருந்து 2003 வரை எத்தனை டாக்டர், 2003லிருந்து 2013 வரை எத்தனை டாக்டர், இரண்டையும் தலைக்கணக்கில் போட்டு எடுத்து வாருங்கள். அதுவரை உங்களோடு பேச்சு இல்லை.

சுகர்லேண்ட்_சிவா:
எண்ணிக்கையை முதலில் இழுத்தது நீங்கள். நீங்களே எடுத்து வாருங்கள்.