சாயங்காலக் கண்மாயில் சூறைக்குருவிகள்

காரைக்குடியிலிருந்து:
ஐப்பசி பிறந்ததும் எங்கள் கண்மாய்ப் பக்கம் சூறைக்குருவிகள் (மைனா இனத்து வலசைப் பறவை) வந்து குவிகின்றன. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு நாரை பார்க்க வண்டி பிடித்துப் போகிறவர்கள் இதைத் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சாயங்காலம் இருபது முப்பதாக வந்து கரண்டுக் கம்பியில் உட்காரும். கம்பி நிறைந்ததும் மொத்தமாக எழும்பும். அப்புறம், காற்றில் உதறிய வேட்டி மாதிரி கூட்டம் நீளும், சுருங்கும், சட்டென்று மடிந்து திரும்பும். நேற்று ஒரு வல்லூறு குறுக்கே பாய்ந்தது. சிதறி ஓடுவதற்குப் பதிலாக எல்லாம் இன்னும் நெருக்கிக்கொண்டன. அதுவும் எதைக் குறிவைப்பது என்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பனைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இருட்டுகிற நேரம் சீமைக்கருவேலத்துக்குள் சரசரவென்று இறங்கின. இறங்கியும் ஓயவில்லை, கிளைக்குக் கிளை இடத்தகராறு. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. வேறு யாராவது பார்த்தீர்களா?

தேவகோட்டையிலிருந்து:
பார்க்காமல் என்ன அண்ணே! எங்கள் தெரு அரசமரம் பழுத்தால் இந்தக் கூட்டம் மைனா, குயில் எதையும் அண்டவிடாது. கீழே வண்டியை நிறுத்தினால் தொலைந்தது. பைனாகுலரில் பார்த்தேன், பாதிக்கு மேல் இளசுகள். உடம்பு மண்நிறம், அலகு மஞ்சள். பெரியவற்றுக்குத் தலை, இறக்கை, வால் கறுப்பு. முதுகும் வயிறும் அழுக்கு ரோஸ். பங்குனியில் பாருங்கள், அந்த ரோஸ் பளிச்சென்று தெளிந்திருக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து:
தம்பி, எங்கள் பின்கட்டுச் சுவர்ப் பொந்தில் வைகாசியில் கூடு வைத்ததும் இதுதானா? தலையில் கறுப்புக் கொண்டை, நெஞ்சு சந்தன நிறம். ஆனால் ஜோடியாகத்தான் திரியும்.

தேவகோட்டையிலிருந்து:
இல்லை ஆச்சி, அது கருங்கொண்டை மைனா, நம்மூரிலேயே இருப்பது. சூறைக்குருவி இங்கே கூடு வைக்காது. சித்திரைக்குள் வடக்கே கிளம்பிவிடும். கஜகஸ்தான் மாதிரிப் புல்வெளி நாடுகளில் மே, ஜூனில் கல் இடுக்குகளில் கூட்டமாகக் கூடு வைக்கும். பொந்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அடுத்த வருஷமும் வரலாம்.

புதுவயல் பக்கமிருந்து:
உங்களுக்கு வேடிக்கை, சோளம் போட்டவனுக்கு வேதனை. கதிர் முற்றுகிற நேரம் கூட்டமாக இறங்கினால் தகரம் தட்டித் தட்டிக் கை வலிக்கும். ஆனாலும் முழுக்கக் குறை சொல்ல மனசில்லை. கதிர் வருவதற்கு முன்னால் அதே வயலில் வெட்டுக்கிளியைப் பொறுக்கித் தின்றதையும் பார்த்திருக்கிறேன். சீனாவில் சின்ஜியாங் பக்கம் வெட்டுக்கிளியை ஒழிக்க, 1980களிலிருந்து கல்லைக் குவித்து இதுக்குக் கூடு வைக்க இடம் கட்டிக் கொடுக்கிறார்களாம். படம் எடுக்கிறவர்கள் மாசியில் வாருங்கள். வேலியில் கல்யாண முருங்கை பூத்திருக்கும். தேன் குடிக்க வருகிறபோது நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பியிருக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், நாய் குரைத்தால் பயப்பட வேண்டாம், கட்டித்தான் போட்டிருப்பேன்.