பழைய மெத்தை வீடு, புயல் இன்சூரன்ஸ் க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு, யாராவது வழி சொல்லுங்க

முத்தியால்பேட்டை_பொண்ணு:
வணக்கங்க. பாண்டில எங்க வீடு தாத்தா காலத்து மெத்தை வீடு, தேக்கு உத்திரம், மேல செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, அதுக்கு மேல தட்டோடு (தட்டையான செம்மண் ஓடு). 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப பக்கத்து வீட்டு தென்னமரம் மாடி கைப்பிடிச்சுவர் மேல சாஞ்சு தட்டோடு ஏழெட்டு ஒடஞ்சிடுச்சு, அன்னிக்கு பேஞ்ச மழைதான் உங்களுக்கே தெரியும், 45 சென்டிமீட்டருக்கு மேல, அந்த தண்ணி பூரா உள் ரூம்ல எறங்கி கட்டில், பீரோ, துணிமணி எல்லாம் நாசம், உத்திரம் ஒண்ணு தொங்குது. க்ளெய்ம் போட்டோம். நஷ்டத்த மதிப்பு போட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தவரு உத்திரத்து முனை இத்துப்போயிருந்தத மட்டும் பாத்துட்டு "தேய்மானம், பராமரிப்பு இல்லை"ன்னு எழுதிட்டாரு. லெட்டர் வந்து ரெண்டு மாசம் ஆவுது. அம்மா அந்த ரூம்லதான் படுப்பாங்க, இப்ப ஹால்ல பாய் போட்டுப் படுக்கறாங்க, பாக்கவே மனசு கேக்கல. ரினியூவலும் வருது, ஏஜென்ட் வீட்டு மதிப்பு 80 லட்சம் போடுங்கறாரு. பழைய வீட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸே வேஸ்டா?

மஞ்சக்குப்பத்தான்:
வேஸ்ட் இல்லக்கா. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப எங்க வீட்டுக்கும் இதே கதைதான், அப்ப நாங்க வாயத் தொறக்காம விட்டுட்டோம், நீங்க விடாதீங்க. கேக்க வேண்டியது ஒண்ணுதான்: தண்ணி எந்த வழியா வந்துது? உத்திரம் இத்துப்போனா கூரை தொங்கும், விரிசல் கூட விடலாம், ஆனா ஒரே ராத்திரில தட்டோடு ஏழெட்டு இப்படி ஒடையாது. ஒடைச்சது மரம், மரத்த சாச்சது புயல். அதனால ரெண்டையும் பிரிச்சு எழுதுங்க, உத்திரத்து முனை பழசுதான்னு நேர்மையா ஒத்துக்கோங்க, தட்டோடு, கைப்பிடிச்சுவர், உள்ள இருந்த சாமான் இதெல்லாம் புயல் நஷ்டம்னு தனியா கேளுங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இல்லன்னா ஒரு இன்ஜினியர் கிட்ட எழுத்துல வாங்குங்க. அப்பறம் ஒரு விஷயம், அவசரப்பட்டு மேல சிமெண்ட் போட்டு மூடிடாதீங்க, ஓதம் வெளிய போவ வழியில்லாம இருக்கற நல்ல உத்திரமும் இத்துப்போவும், சாட்சியும் மறைஞ்சிடும். தார்ப்பாய் கட்டுங்க, பில்ல பத்திரமா வைங்க.

நெல்லிக்குப்பம்_டு_டொரன்டோ:
அக்கா, இங்க கனடால நான் இருக்கறதும் பழைய வீடுதான். இன்சூரன்ஸ் எடுக்கறப்ப கூரை மாத்தி எத்தன வருஷம், ஒயரிங் எந்த காலத்துது, பைப் இரும்பா செம்பான்னு எல்லாம் கேட்டாங்க. குளிர் காலத்துல நாலு நாளுக்கு மேல வீட்ட பூட்டிட்டு போனா தண்ணிய நிறுத்திட்டு போவணும், இல்லன்னா தினம் யாராவது வந்து பாக்கணும், அப்படி பண்ணாம பைப் உறைஞ்சு வெடிச்சா பல பாலிசில காசு கெடையாது. கூரை ஓரத்துல ஐஸ் கட்டி தண்ணி உள்ள எறங்கினாலும் மொதல்ல பராமரிப்பத்தான் கேப்பாங்க. அதனால வருஷா வருஷம் கூரைய போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். உங்க மாடி புயலுக்கு முன்னாடி எப்படி இருந்துதுன்னு ஏதாவது போட்டோ இருக்கா? நல்லா தேடுங்க.

பாகூர்_ரவி:
80 லட்சம் வேணாம் மேடம், அதுல பாதிக்கு மேல மனை விலை, மண்ணு எரியாது, புயல்ல பறக்காது. திரும்ப கட்ட என்ன ஆவுமோ அதுக்குத்தான் போடணும். உதாரணத்துக்கு 900 சதுர அடி, சதுர அடிக்கு 2000 வெச்சா 18 லட்சம். 2021 ஏப்ரல்லேர்ந்து எல்லா கம்பெனியும் குடுக்கற பாரத் க்ரிஹ ரக்ஷாங்கற வீட்டு பாலிசில சாமானுக்கு கட்டட தொகைல 20 சதவீதம் தானா சேரும், 10 லட்சம் வரைக்கும், அப்ப உங்களுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இடிபாடு அள்ள க்ளெய்ம்ல 2 சதவீதம், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் ஃபீஸுக்கு 5 சதவீதம் வரைக்கும் கேக்கலாம். உங்களுது அந்த பாலிசியான்னு பாருங்க. கூரைல மரம் இருக்கறத ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க.

ரிஜெக்ட் ஆனதுக்கு மொதல்ல கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல போடுங்க. 30 நாள்ல பதில் இல்ல, இல்ல பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது கம்பெனி மேல இருக்கற புகார விசாரிக்கற வெளி அதிகாரி. பாண்டிக்கும் சென்னை ஆபீஸ்தான், தேனாம்பேட்டைல. ஃபீஸ் எதுவும் கெடையாது, வக்கீல் வேணாம், ஒரு வருஷத்துக்குள்ள போவணும், அவ்ளோதான்.

முத்தியால்பேட்டை_பொண்ணு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பாலிசிய எடுத்து பாத்தேன், அதே பாரத் க்ரிஹ ரக்ஷாதான். டொரன்டோ தம்பி சொன்னதும் பழைய ஃபோன்ல தேடினேன், அந்த வருஷ பொங்கலுக்கு மாடில அம்மா கோலம் போட்டப்ப எடுத்தது கெடச்சுது, கோலத்துக்கு அடில தட்டோடு ஒண்ணுகூட விரிசல் இல்லாம தெளிவா தெரியுது, பின்னாடி கைப்பிடிச்சுவரும் முழுசா நிக்குது, தேதியோட இருக்கு. நாளைக்கு கொத்தனார் வர்றாரு. லெட்டர் எழுதி இங்க போடறேன், அனுப்பறதுக்கு முன்னாடி ஒருக்கா படிச்சு பாருங்க.