சிச்சுவானும் கான்டனீஸும் ஒரே மேசையில்: எதை முதலில் கேட்பது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பிறந்தநாளுக்கு 6 பேர் ஒரு சீன உணவகத்துக்குப் போகிறோம். சிச்சுவான், கான்டனீஸ் இரண்டு சமையலும் கிடைக்கிற இடம்.

போன முறை முதலிலேயே மாப்போ டோஃபு, அதாவது சிச்சுவானின் காரமான சோயா பனீர் குழம்பு, வந்துவிட்டது. சிவந்த எண்ணெய், மேலே தூவிய சிச்சுவான் மிளகுப் பொடி. அது கருமிளகு இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துக் காயின் தோல். நாக்கும் உதடும் மரத்துப் போய்விட்டன. எனக்கு அது ரொம்பவே பிடிக்கும். ஆனால் அடுத்து வந்தது கான்டனீஸ் முறையில் ஆவியில் வேகவைத்த மீன். இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், சூடான எண்ணெய், அவ்வளவுதான். அந்த மென்மையான ருசி யார் நாக்குக்கும் எட்டவில்லை. அம்மா ஆசையாகக் கேட்ட மீன் அது. எனக்கு மனசே ஆறவில்லை.

இந்த முறை மீனையும் இறால் டிம் சம்மையும் (ஆவியில் வேகவைத்த கான்டனீஸ் கொழுக்கட்டை மாதிரி) முதலில் கேட்டு, காரத்தைக் கடைசிக்குத் தள்ளலாமா? இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, நடுநடுவே வெறும் சோற்றோடு சமாளிக்கலாமா? அப்புறம், மிளகாய் இருக்கட்டும், அந்த மிளகை மட்டும் குறையுங்கள் என்று சமையலறையில் சொன்னால் செய்து தருவார்களா? அம்மாவுக்குக் காரம் பிரச்சினை இல்லை, மரத்துப்போவதுதான் ஆகாது. அனுபவம் உள்ளவர்கள் சனிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.