நெல் லாரியை விட்டுட்டு பால் டேங்கருக்குப் போகலாமா?

நீடாமங்கலம்_கேட்:

டெல்டா பக்கம் லாரி ஓட்டுற அண்ணன்மாரு யாராவது இருந்தா ஒரு வழி சொல்லுங்க.

எனக்கு 38 வயசு. ஹெவி லைசன்ஸ் எடுத்து 14 வருஷம். முதல் மூணு வருஷம் நாமக்கல் வண்டியிலே வடக்கே ஓடினேன், நாக்பூர் இந்தூர் வரைக்கும். ஒரு தடவை வீட்டுக்கு வந்தப்ப பெரிய பொண்ணு என்னை யாரோன்னு நினைச்சு அழுதுச்சு. அதோட வடக்கே போறதை விட்டேன். 11 வருஷமா உள்ளூர்லயே ஒரே ஓனர்கிட்ட பத்து சக்கர வண்டி, நெல் மூவ்மெண்ட். கொள்முதல் நிலையத்துலே 450 சிப்பம், அதாவது நெல் மூட்டை, ஏத்தி குடோனுக்கோ நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டுக்கோ கொண்டு போகணும். இருபது முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஓட்டுறது ஒரு மணி நேரம், மிச்சமெல்லாம் நிக்கிறது.

போன மாசியிலே ஒரு குடோன் வாசல்ல நாலு ராத்திரி நின்னேன். முதல் நாள் லோடுமேன் இல்லே. ரெண்டாம் நாள் எனக்கு முன்னாடி 40 வண்டி. மூணாம் நாள் தூறல், தார்ப்பாயை அவுக்காதேன்னுட்டாங்க. வண்டிக்கு அடியிலே கொசுவத்தி கொளுத்திப் படுத்துக்கிட்டு, வீடு 12 கிலோமீட்டர்ல இருக்கேன்னு நினைச்சா எரிச்சலா வரும். லோடை விட்டுட்டும் போக முடியாது.

சம்பளம்னு ஒண்ணும் கிடையாது, டிரிப்புக்கு 800. நின்ன நாளுக்கு ஹால்டிங் படி 200ன்னு பேச்சு. பாதி நாள் வரும், பாதி நாள் வராது.

அந்த நாலு நாள் லோடுலதான் மனசு விட்டுப் போச்சு. ஈரப்பதம் 17 பார்த்து எடுத்த நெல்லு, வெயில்ல நின்னா காயாம என்ன செய்யும்? எடைமேடையிலே 60 கிலோ குறைஞ்சுது. 18 டன்னுல 60 கிலோ! "வழியிலே எவன்கிட்ட தட்டி விட்டே"ன்னு எல்லாரும் நிக்கிற இடத்துலே கேட்டாங்க. ரெண்டு டிரிப் காசைப் பிடிச்சுட்டாங்க. காசு போனதுகூட இல்லேண்ணே, 11 வருஷத்துலே ஒரு மூட்டை வாயைப் பிரிச்சதில்லே நான்.

இப்ப ஒரு வேலை வருது. மன்னார்குடிக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம், 10,000 லிட்டர் டேங்கர். ராத்திரி 1 மணிக்கு எடுத்தா வடுவூர், தஞ்சாவூர், வல்லம், செங்கிப்பட்டி வழியா திருச்சி தாண்டி பிளாண்ட்டுக்கு. இறக்கி, கழுவி, காலையிலே 10 மணிக்குள்ள திரும்பிடலாம்ங்கறாங்க. சம்பளம் 18,500, பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் உண்டு. படி தினம் 150. மாசம் ரெண்டு நாள் லீவு.

யோசனை என்னன்னா, சம்பா அறுவடை சமயத்துலே எனக்கு மாசம் 26,000 வரைக்கும் வரும். அதை விட்டுட்டு 18,500க்குப் போறது புத்திதானா? இன்னொண்ணு, பொண்ணு சடங்குக்கு ஓனர்கிட்ட 45,000 முன்பணம் வாங்கியிருக்கேன், இன்னும் 30,000 நிக்குது. லைசன்ஸ் ஒரிஜினலும் அவர்கிட்டதான். அவர் எனக்கு மாமா முறை வேணும். அப்பா செத்தன்னிக்கு பந்தல் போட்டதுலேர்ந்து எல்லாம் அவர்தான் நின்னு பார்த்தார். எந்த வாயாலே கேக்கறதுன்னு தெரியலே.

கொரடாச்சேரி_குமாரு:

26,000 எத்தனை மாசம் மாப்ளே? ஆடியிலே எவ்வளவு? 12 மாசத்துக்கும் எழுதிக் கூட்டிட்டு வா, அப்புறம் பேசுவோம்.

குடந்தை_ஸ்டியரிங்:

தம்பி, நான் பால் டேங்கர் ஆறு வருஷம் ஓட்டினவன். நல்லதையும் சொல்றேன், கெட்டதையும் சொல்றேன்.

நெல்லு காத்திருக்கும், பால் காத்திருக்காது. 4 டிகிரியிலே ஏத்துவாங்க. டேங்கர் கூலாக்காது, இருக்கிற குளிரைப் பிடிச்சு வெக்கும், அவ்வளவுதான். போனதும் பிளாண்ட்லே முதல்ல சூடு பார்ப்பாங்க, அப்புறம் புளிப்பு, கொழுப்பு. அதனாலே வாசல்ல நாள் கணக்கா நிக்க விட மாட்டாங்க. நீ தேடுறது அதுன்னா அது கிடைக்கும்.

ஆனா லீவுன்னு ஒண்ணு கிடையாதுன்னே வெச்சுக்க. ரெண்டு நாள்ங்கறது மாத்து டிரைவர் வந்தாதான். மாடு பொங்கலுக்கும் கறக்கும், தீபாவளிக்கும் கறக்கும். 2018லே கஜா புயல் அடிச்சப்ப மரம் விழுந்து ரோடே இல்லே, கரண்ட் இல்லே, ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைஞ்சாங்க. மதுக்கூர் பக்கம் ஜனங்க பாலை வாய்க்கால்ல கொட்டினதை நான் பார்த்தேன். எனக்கு அன்னிக்கும் போன் வந்துச்சு, "வண்டி எங்கே"ன்னு. என் வீட்டு ஓடு பறந்து கிடந்துச்சு அப்ப.

இப்ப முக்கியமானது. எடைக் குறைவு உன்னை அங்கேயும் விடாது, அங்கே லிட்டர் குறைவுன்னு வரும். பிளாண்ட்லே 40 லிட்டர் குறைஞ்சா யார் தலையிலேன்னு சேரும்போதே கேளு. ஏத்தினதும் சீல் நம்பரைச் சீட்டிலே எழுத வை, மூடியிலேயும் வால்விலேயும் சீலைப் போட்டோ எடுத்துக்க. எவனாவது நடுவிலே டீக்குப் பால் கேட்டா, உன் சொந்த அண்ணனா இருந்தாலும் வண்டியை நிறுத்தாதே.

ஓட்டுறதும் வேற மாதிரி. மூட்டை அசையாது, பால் அலையடிக்கும். முழுசா நிரம்பின டேங்கர் சாது. பாதி இருந்தா பிரேக் போட்டதும் பால் முன்னாடி வந்து முதுகுலே இடிக்கும், வண்டி நின்ன பிறகும் ஒரு அடி தள்ளும். வளைவுலே ஒரு பக்கமா சாயும். உள்ளே அறை பிரிச்சிருக்கா, ஒரே அறையான்னு பார்த்துக்க. ஒரே அறைன்னா முதல் மாசம் 40க்கு மேல மிதிக்காதே.

ஒத்த_வண்டி_ஓனர்:

நானும் ஓனர்தான், பெரிய ஆள் இல்லே, ஒரே வண்டி. திட்டறதுன்னா திட்டிக்கங்க.

ஹால்டிங் படி பாதி நாள் வராததுக்கு காரணம், எங்களுக்கே காண்ட்ராக்டர்கிட்டேர்ந்து வர்றதில்லே. வண்டி நாலு நாள் நின்னா டியூ நிக்குதா? அதுக்காக டிரைவர் காசைப் பிடிக்கறது சரின்னு சொல்லலே. காய்ஞ்ச நெல்லுக்கு டிரைவர் என்ன பண்ணுவான்? உங்க மாமா அங்கே வந்து நின்னு பேசியிருக்கணும்.

லைசன்ஸ் விஷயம்: அதை யாரும் வாங்கி வெச்சுக்கக் கூடாது. டிஜிலாக்கர்ல எடுத்துக்கங்க, போலீஸ்கிட்ட அது செல்லும். ஆனா அதை வெச்சு மாமாகிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. 30,000த்தை மாசம் 3,000ன்னு சொல்லிட்டு, சொன்ன தேதியிலே கொண்டு போய்க் குடுங்க. குறுவை வரத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. சீசன் நடுவிலே டிரைவர் போனா எங்களுக்குச் சோறு கிடையாது.

ஈஎஸ்ஐயைச் சாதாரணமா நினைக்காதீங்க. 21,000க்குள்ள சம்பளம்னா அதுலே வருவீங்க, உங்க பங்கு நூத்துக்கு முக்கால் ரூபாதான். ஆறு மாசத்துலே 78 நாள் பிடித்தம் போயிருந்தா, உடம்பு முடியாம படுத்தப்ப 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் கூலி வரும். என் பழைய டிரைவர் கால் எலும்பு முறிஞ்சு மூணு மாசம் கிடந்தான், நான் குடுத்தது 5,000. அதுக்கு மேல என்னால முடியலே.

நீடாமங்கலம்_கேட்:

குமாரு அண்ணே, எழுதிட்டேன். டிரிப் நோட்டு இருந்துச்சு, போன செப்டம்பர்லேர்ந்து.

செப்டம்பர் 14 ஆயிரம், அக்டோபர் 22, நவம்பர் 12, டிசம்பர் 6, ஜனவரி 18. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூணும் 26. மே 12, ஜூன் 8, ஜூலை 8, ஆகஸ்ட் 10. எல்லாம் ஆயிரத்துலே. கூட்டினா 1,88,000. மாசத்துக்கு 15,700கூட வரலே. நான் இத்தனை வருஷமா என்னை 26,000 ரூபா டிரைவர்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

பால் வேலையிலே பிஎஃப் 12,000 அடிப்படைக்கு 1,440, ஈஎஸ்ஐ 139 போனா கைக்கு 16,900 சொச்சம். படி தனி. பெரிய வித்தியாசம் இல்லேதான், ஆனா ஆடியிலேயும் அதே காசு.

லிட்டர் குறைஞ்சா யாருன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் வராதுப்பா"ன்னார். எழுதிக் குடுப்பீங்களான்னேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்னு போனவர் ரெண்டு நாளா பேசலே. டேங்கர் ரெண்டு அறை, நானே ஏறி மூடியைத் திறந்து பார்த்துட்டேன்.

மாமாகிட்டயும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலே. அப்புறம் பீரோவைத் திறந்து லைசன்ஸை எடுத்துக் கையிலே குடுத்துட்டு, "குறுவைக்கு மட்டும் ஆள் பார்த்துக் குடுத்துட்டுப் போடா"ன்னார். அந்த 60 கிலோவைப் பத்தி அவரும் பேசலே, நானும் பேசலே.

குடந்தை_ஸ்டியரிங்:

எழுத்துலே வராம சேராதே தம்பி. சேர்றதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி சும்மா கூட உட்கார்ந்து போய்ப் பாரு. அந்த டிரைவர் மூணு மணிக்கு மேல எப்படி முழிச்சிருக்கான்னு கவனி.

நீடாமங்கலம்_கேட்:

வியாழன் ராத்திரி போறேண்ணே, 12:30க்கு வரச் சொல்லியிருக்காங்க. வீட்டிலே சொன்னேன். "தினமும் வீட்டுக்கு வருவேன்னியே, அப்ப ராத்திரியிலே யார் இருப்பா?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு இன்னும் பதில் சொல்லலே.