ஹன்னிபாலை முறியடித்தது ஃபேபியஸா, சிப்பியோவா?

செங்கோடன்:
வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து இத்தாலிக்குள் படையோடு புகுந்த ஹன்னிபாலை முறியடித்தது ரோமானியத் தளபதி சிப்பியோ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கி.மு. 202இல் ஆப்பிரிக்காவின் ஜாமாவில் ஜெயித்தவர் அவர்தான், சரி. ஆனால் 217இல் இத்தாலியின் திராசிமீன் ஏரிக்கரையில் ரோமின் கான்சல் (ஆட்சித் தலைவர்) ஃபிளமினியஸ் தன் படையோடு அழிந்தபோது ரோமைத் தாங்கிப் பிடித்தவர் ஃபேபியஸ் மாக்ஸிமஸ். நேருக்கு நேர் மோதவே இல்லை. மலை மேட்டிலேயே படையை நகர்த்திக்கொண்டு போய், தீவனம் தேட வந்த எதிரி ஆட்களை மட்டும் அடித்தார். ஊரே கோழை என்று ஏசியும் மசியவில்லை. தலைவன் என்றால் அப்படி இருக்கணும்.

வேல்முனை:
அண்ணே, அவர் மேட்டுல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தப்ப கீழே கம்பானியா வட்டாரமே பத்தி எரிஞ்சுது. கடைசியில கணவாயை அடைச்சு ஹன்னிபாலை மடக்கியாச்சு. அந்த ஆள் மாட்டுக் கொம்புல சுள்ளி கட்டிக் கொளுத்தி விரட்டிட்டு, அந்தக் குழப்பத்துல ராத்திரியே தப்பிச்சுட்டான். ஃபேபியஸ் விடியுறவரை முகாமை விட்டு அசையல. இதுவா விவேகம்?

செங்கோடன்:
இருட்டில் இறங்கியிருந்தால் இன்னொரு திராசிமீன்தான், தம்பி. ஃபேபியஸின் நிலத்தை மட்டும் எரிக்காமல் விட்டானே ஹன்னிபால், ஏன்? அவர் மேல் சந்தேகம் கிளப்பத்தான். அவரோ அந்த நிலத்தையே விற்று, செனட் தராமல் இழுத்தடித்த மீட்புப் பணத்தைக் கட்டிக் கைதிகளை மீட்டார்.

மாடப்புறா:
நீங்கள் இரண்டு பேரும் தளபதிகளையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 216இல் கன்னேயில் ஹன்னிபாலிடம் ரோமின் பெரும்படை அழிந்து, அதை நடத்திய கான்சல் வர்ரோ உயிரோடு திரும்பினார். குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காததற்காக அவருக்கு நன்றி சொன்னார்களாம். கார்த்தேஜ் தளபதி என்றால் என்ன கதி ஆகியிருப்பார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி அங்கேயே கேட்கிறார். ரோமின் பலம் அந்தப் பெருந்தன்மைதான்.

வேல்முனை:
பெருந்தன்மை கான்சலுக்கு மட்டும்தாங்க. அதே கன்னேயில தப்பிச்ச சிப்பாய்ங்களை, போர் முடியுறவரை ஊர் திரும்பக்கூடாதுன்னு சிசிலிக்குத் துரத்துனாங்க. எதிரிகிட்ட மாட்டுனவங்களை மீட்கக் காசு கிடையாதுன்னுட்டாங்க. சிசிலியில கிடந்த அந்த ஆளுங்களைத்தான் சிப்பியோ ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போனார். 205இல் ‘போகாதே’ன்னு செனட்ல எதிர்த்து நின்னது யாரு? உங்க ஃபேபியஸ்.

மாடப்புறா:
சிப்பாய்கள் விஷயத்தில் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

செங்கோடன்:
எதிர்த்தார், அது தப்புக்கணக்குதான். ஆனால் கன்னேக்குப் பிறகு பல வருடம் ரோம் நடந்தது யார் வழியில்? பெரிய மோதலைத் தவிர்த்து, ஹன்னிபால் பக்கம் கட்சி மாறிய ஊர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தார்கள். 211இல் காப்புவா. 209இல் டாரெண்டம், அது ஃபேபியஸே பிடித்தது. கையில் இத்தாலி மிஞ்சாமல் சிப்பியோ எங்கிருந்து கப்பல் ஏறுவார்?

வேல்முனை:
டாரெண்டத்தை நீங்களே இழுத்துட்டீங்க. உள்ளே ஹன்னிபாலுக்காகக் காவல்ல இருந்த புருத்தியர்கள்ங்கிற தென் இத்தாலி ஆளுங்க காட்டிக்கொடுத்துதான் ஊர் விழுந்துச்சு. துரோகத்தால ஜெயிச்சது வெளியே தெரியக்கூடாதுன்னு முதல்ல அவங்களையே வெட்டச் சொன்னார், அப்புறம் 30,000 பேரை அடிமையா வித்தார்னு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கார். சொந்த நிலத்தை வித்துக் கைதிகளை மீட்டாரே, அதே மனுஷன்தான். இதுக்கு என்ன சொல்றீங்கண்ணே?