ஃபீனோவுக்குத் தமிழ்: 'மூச்சழற்சி அளவு' சரிவராது

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆஸ்துமாவுக்கு எடுக்கும் ஃபீனோ (FeNO) என்ற மூச்சுச் சோதனையின் எண்ணைத் தமிழில் 'மூச்சழற்சி அளவு' எனலாம் என்று குழுமத்தில் ஒரு யோசனை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கருவி காட்டுவது வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்பதை மட்டும். ஒவ்வாமை ஆஸ்துமாவில் இன்டர்லூக்கின் 4, 13 என்ற இரண்டு அழற்சிப் புரதங்களும் மூச்சுக்குழாயின் உள்வரிச் செல்களைத் தூண்டிவிட, அவை இந்த வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. அதை வைத்து அழற்சியை ஊகிப்பது மருத்துவர் வேலை. 1991-இல் சுவீடனில் குஸ்டாஃப்சன் குழுவினர் மூச்சில் இந்த வாயுவைக் கண்டார்கள். ஆஸ்துமாக்காரர்களிடம் அது கூடுதல் என்று ஆல்விங் குழுவினர் சொன்னது 1993-இல்.

எங்கள் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் நார் மில்லில் வேலை, கையில் பீடி என்று இருக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். புகைப்பழக்கம் இந்த எண்ணை இறக்கிவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு மிகுந்த ஆஸ்துமாவிலும் எண் ஏறாமலே இருக்கலாம். சீட்டில் 'மூச்சழற்சி: குறைவு' என்று பார்த்தால் மனுஷன் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிடுவார்.

'விடுமூச்சு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான வினைத்தொகை. ஆனால் வீசிங் வந்தவர் "மூச்சு விட முடியல" என்றால் இழுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். யோகத்தில் மூச்சை வெளிவிடுவதைச் சொல்லும் 'இரேசகம்' பொருளில் சரி. நிதானமாக, ஒரே சீராக விடுவதுதான் இந்தச் சோதனையிலும். ஆனாலும் யோகா வகுப்பு நினைவுதான் வரும். மலையாளப் பள்ளிப் புத்தகத்து 'நிஸ்வாசம்' பாலக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும், வாளையாறு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் புரியாது. ஆக, வெளிமூச்சு.

அடுத்து, ஆங்கிலப் பெயரில் (fractional exhaled nitric oxide) முன்னால் நிற்கும் 'பின்னம்'. அதை அப்படியே வைத்தால் வாசகர் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவார். 'அளவு' என்றும் வேண்டாம். வேகமாக ஊதினால் வாயு நீர்த்து எண் குறையும். அதனால்தான் நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்று ஊதும் வேகத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள். எண்ணும் நூறு கோடியில் இத்தனை பங்கு என்றே வருகிறது. அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கத்தின் 2011 வழிகாட்டியில் பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே குறைவு, 50-க்கு மேலே அதிகம். குழந்தைகளுக்கு 20, 35. இதற்குப் பொருந்துவது 'செறிவு'.

நைட்ரிக் என்பதை யாரும் 'நைட்ரஸ்' ஆக்கிவிடாதீர்கள், அது சிரிப்பூட்டும் வாயு.

என் முன்மொழிவு: வெளிமூச்சு நைட்ரிக் ஆக்சைடு செறிவு. நீளம்தான். பேச்சில் ஃபீனோ என்றே இருக்கட்டும். 'வெநைஆசெ' என்று சுருக்கி யாரையும் பயமுறுத்த வேண்டாம். சோதனைக்கு 'ஊதுற டெஸ்ட்' என்ற பேரை ஸ்பைரோமெட்ரி ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. அது காற்று எவ்வளவு, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்ப்பது. ஒரே நாளில் இரண்டும் என்றால் ஃபீனோவை முதலில் எடுப்பார்கள், பலமாக ஊதிய பிறகு எடுத்தால் எண் மாறிவிடலாம் என்பதால். எனவே சீட்டில் 'வெளிமூச்சு வாயுச் சோதனை' என்று தனியாக இருப்பது நல்லது.

அப்புறம், வெளிமூச்சைக் குளிர்வித்துச் சேர்க்கும் நீர்மத்துக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு, காரகாடித்தன்மை (pH) எல்லாம் பார்க்கிறார்கள். 'மூச்சுக் குளிர்நீர்' எப்படி? 'குளிர்நீர்' என்றதும் ஃபிரிட்ஜ் தண்ணீர் நினைவு வந்தால் வேறு சொல்லுங்கள்.