கொள்முதல் நிலையத்தில் அகச்சிவப்பு மீட்டர் வந்தால் தகராறு தீருமா?

வயல்காட்டான்:
குறுவை அறுப்பென்றால் மழையும் கூடவே வந்துவிடுகிறது. தார்ப்பாயில் கொட்டிக் கிளறிக் காயவைத்துக் கொண்டுபோனால், நிலையத்து ஈர மீட்டர் 18.6 சதவீதம் என்கிறது. அதே நெல்லுக்கு வியாபாரியின் மீட்டரில் 17க்குக் கீழே. 17 தாண்டினால் மறுபடி களத்துக்குத்தான். காகித ஆலையில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி நொடியில் ஈரத்தைச் சொல்கிறார்களே, அதை இங்கே வைத்தால் என்ன?

ஆய்வகவாசி:
காகிதம் மெல்லிசு, நெல்லுக்கு உமி இருக்கிறது. தண்ணீர் 1940 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும். அதில் எவ்வளவு திரும்பி வருகிறது, தண்ணீர் அவ்வளவாக உறிஞ்சாத பக்கத்து அலைநீளத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று ஒப்பிட்டால் ஈரம் தெரியும். ஆனால் அந்த ஒளி மேல்தோலோடு நின்றுவிடும். வெயிலில் அவசரமாகக் காய்ந்த நெல் வெளியே உலர்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். மீட்டர் 16 காட்டும், கிடங்கில் பூஞ்சை பிடிக்கும்.

கருவிக்காரன்:
நீங்கள் சொல்வது எதிரொளிப்பு வகை. தானியத்துக்கு ஊடுருவல் வகை இருக்கிறது சார். 970 நானோமீட்டர் பக்கம் தண்ணீர் லேசாகத்தான் உறிஞ்சும். அதனாலேயே ஒளி உமி, அரிசி எல்லாவற்றையும் கடந்து மறுபக்கம் வருகிறது. அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நோரிஸ் 1960களில் தானிய ஈரத்தை அளக்கப்போய்த்தான் இந்தத் துறையே வளர்ந்தது.

ஆய்வகவாசி:
அதே அமெரிக்கா 2012இல் அதிகாரபூர்வ ஈரமானியை மாற்றியபோது எதற்குப் போனது? 149 மெகாஹெர்ட்ஸில் மின்காப்புத் தன்மையை (ஈரத்துக்கு ஏற்ப மாறும் மின்பண்பை) அளக்கும் மீட்டருக்கு. கோதுமையின் புரதத்துக்குத்தான் அகச்சிவப்பு. அகச்சிவப்புக் கருவி ஈரத்தை நேராக அளப்பதில்லை. அடுப்பில் உலர்த்தி எடை பார்த்த ஏராளமான மாதிரிகளை வைத்து அதற்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏடிடி 43 நெல் ரகத்துக்குப் பழக்கியதில் சிஆர் 1009 ரகத்தைப் போட்டால்? மழையில் கறுத்த நெல்லைப் போட்டால்?

கருவிக்காரன்:
இப்போதைய கை மீட்டர் மட்டும் யோக்கியமா? கோப்பையில் நெல்லை அழுத்திப் போட்டால் ஒரு எண், தளர்வாகப் போட்டால் இன்னொன்று. களத்துச் சூட்டோடு போட்டால் மூன்றாவது.

ரைஸ்மில் மாமா:
தம்பிகளா, முதலில் எந்த நெல்லை மீட்டரில் போடுகிறீர்கள்? குவியலின் மேலே ஒரு கைப்பிடி. அடியில் இருப்பது வேறு நெல். நாலு மூட்டையில் குத்தூசி போட்டு, எடுத்ததைக் கலந்து பாருங்கள், பாதித் தகராறு போய்விடும். மில்காரன் பக்கமும் பாருங்கள்: 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ வாங்கினால், 17க்கு வரும்போது 96.4 கிலோதான் மிஞ்சும்.

வயல்காட்டான்:
அந்த மூன்றரை கிலோவைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள் மாமா, யார் வேண்டாம் என்றது? திருப்பி அனுப்பினால் வண்டி வாடகை யார் தருவது? அப்புறம், விளக்கு எரிந்து நெல்லை வறுக்கும் ஒரு தராசை அகச்சிவப்பு என்றுதான் காட்டினார்கள். அது இதுதானா?

கருவிக்காரன்:
இல்லை அண்ணே. அதில் அகச்சிவப்பு வெறும் சூடு. தூளாக்கிய நெல்லை உலர்த்தி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும். அளவுதிருத்தச் சண்டை அதில் கிடையாது, நேரம்தான் கொஞ்சம் பிடிக்கும். நிலையத்துக்கு ஒன்று வைத்து, 17க்கும் 19க்கும் நடுவில் இழுபறியாகும் நெல்லை மட்டும் அதில் போடலாம்.

ஆய்வகவாசி:
அதற்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மழை நாளில் கரண்ட் போனால்?